நுரை அடங்கட்டும், அப்புறம் மூடியைப் போடுங்க

போன இதழில் அப்பாவின் சோடா கம்பெனியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். தக்கலையில் ஒரு ஓட்டுக் கட்டிடம், கையால் சுற்றுகிற ஒரு மிஷின், மரப்பெட்டி நிறைய கோலி பாட்டில், அதற்குப் பெயர் கம்பெனி. அப்புறம் நான் இங்கிலாந்தில் ஒரு சின்ன பீர் ஆலையில் ஒன்பது வருஷம் பாட்டில் நிரப்புகிற பக்கம் நின்ற கதையையும் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அது போதுமாக இருந்திருக்கிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நுரையைப் பற்றித்தான். ஊரை விட்டுப் போன நம் ஆட்கள் இத்தனை பேர் வீட்டில் பீர் காய்ச்சுகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. சரி, எல்லாவற்றையும் ஒரே இதழில் முடித்துவிடலாம். மீன்குழம்பு, மரச்சீனி கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கருங்கல்லிலிருந்து மெல்போர்ன் போன வாசகர்: அண்ணாச்சி, வீட்டில் பீர் காய்ச்சி 19 லிட்டர் கெக்கில் (அழுத்தம் தாங்குகிற ஸ்டீல் பீப்பாய்) கேஸ் ஏற்றி வைத்திருக்கிறேன். இங்கே சொந்தக் குடிக்குக் காய்ச்சிக்கொள்ளத் தடை இல்லை. சனிக்கிழமை கூட்டாளி வீட்டுக்கு எட்டு பாட்டில் கொண்டுபோக வேண்டும். குழாயிலிருந்து நேரே பிடித்தால் பாதி பாட்டில் நுரையாக நிற்கிறது. அடங்க விட்டு, மறுபடி ஊற்றி, மறுபடி அடங்க விட்டு நிரப்பினால் மறுநாள் காத்து போன சோடா மாதிரி சப்பென்று இருக்கிறது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவி விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூடுதல். வாங்கட்டுமா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் கோலி சோடாவுக்குப் போவோம். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்த பாட்டில் அது. அப்பாவின் மிஷினில் பாட்டிலை மாட்டித் தலைகீழாகச் சுற்றுவார்கள், கேஸ் ஏறிய தண்ணீர் அழுத்தத்தோடு உள்ளே போகும். பாட்டிலுக்கு உள்ளேயும் அதே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நுரைக்காமல் சாதுவாக ஏறும். நிறைந்ததும் கோலி கழுத்துக்கு வந்து விழும், உள்ளே இருக்கிற கேஸே அதை ரப்பர் வாஷரோடு அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். இதில் ஒரு இடத்திலும் சோடா திறந்த காற்றைப் பார்ப்பதே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் செய்வது நேர் எதிர். கெக்கில் வழக்கமாக வைக்கிற 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) அழுத்தத்தில் இருந்த பீரை அழுத்தமே இல்லாத, அறைச் சூட்டில் கிடந்த, உள்ளே காய்ந்துபோன ஒரு பாட்டிலுக்குள் ஒரு சாண் உயரத்திலிருந்து விழ விடுகிறீர்கள். கரைந்து கிடந்த கேஸ் வெளியே வர அதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நீங்கள் பார்க்கிற நுரை முழுவதும் பீருக்குள் இருந்திருக்க வேண்டிய கேஸ். அடங்கட்டும் என்று காத்திருக்கும்போது அது காற்றோடு போகிறது, அதனால்தான் மறுநாள் சப்பென்று இருக்கிறது.

கேஸைத் திரவத்துக்குள் வைத்திருக்க மூன்று வழிதான். குளிர், அழுத்தம், அலுங்காமல் இருப்பது. பாட்டிலில் நிரப்பும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும், ஆகவே மற்ற இரண்டையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

புதன்கிழமையே ஆரம்பியுங்கள். கெக் இருக்கும் ஃப்ரிட்ஜை எவ்வளவு குளிர வைக்க முடியுமோ, உறையாமல், 1 அல்லது 2 டிகிரிக்குக் கொண்டு வாருங்கள். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ வைத்தால் பீரில் அதன் அளவைப்போல் சுமார் இரண்டரை மடங்கு கேஸ் கரைந்திருக்கும், பெரும்பாலான பீருக்கு அதுதான் கணக்கு. எப்படி நிரப்பினாலும் கொஞ்சம் கேஸ் போகும் என்பதால் அதே 12ஐ அந்தக் கூடுதல் குளிரில் இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தால் கொஞ்சம் அதிகமாகவே ஏறிக்கொள்ளும். கல்யாணத்துக்கு அரிசி போடும்போது ஒரு படி சேர்த்துப் போடுவதில்லையா, அதே கணக்கு. வெள்ளிக்கிழமை இரவு பாட்டில்களைக் கழுவி, கிருமிநாசினி போட்டு, உள்ளே ஈரம் காயாமல் வாயை மூடி, அதே ஃப்ரிட்ஜில் வையுங்கள். இந்த ஈரம் முக்கியம். காய்ந்த கண்ணாடியிலும் தூசியிலும் கீறலிலும்தான் குமிழி பிறக்கிறது. எங்கள் ஆலையில் புதிதாக வந்த ஒரு பையன் பாட்டில்களை நல்லெண்ணத்தில் துணியால் உள்ளே துடைத்துக் காயவைத்துவிட்டான், அன்றைக்கு ஒரு மணிநேரம் நாங்கள் நிரப்பியது நுரை மட்டும்தான்.

நிரப்புகிற நேரம் வந்ததும் கேஸ் வரும் வால்வை மூடுங்கள். கெக் தலையில் இருக்கும் வளையத்தை இழுத்து உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள், பிறகு ரெகுலேட்டரைக் குறைத்து 3 அல்லது 4 பிஎஸ்ஐயில் வைத்துத் திறங்கள். பீர் மெதுவாக நகர்ந்தால் போதும். கையில் பிடித்து அமுக்குகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று சல்லிசாகக் கிடைக்குமே, அதன் மூக்கில் பாட்டிலின் அடிவரை போகிற நீளத்துக்கு ஒரு விறைப்பான டியூபைச் செருகுங்கள். கெக்கிலிருந்து வரும் ஹோஸ் உள்விட்டம் 5 மில்லிமீட்டர் அளவில், நீளம் 3 மீட்டர் அளவில் இருக்கட்டும். ஒரு முழம் ஹோஸில் நிரப்ப முயன்று நுரை நுரை என்று புலம்பிக் கடிதம் எழுதியவர்கள் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஹோஸ் நீளமாக, ஒடுக்கமாக இருந்தால் பீர் உரசி உரசி வேகம் குறைந்து வரும், உங்களுக்கு வேண்டியது அதுதான்.

முதல் டம்ளர் நுரையாகத்தான் வரும், ஹோஸ் சூடாக இருக்கும். அதைக் கீழே கொட்ட வேண்டியதில்லை, ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று நான் சொல்வது இதற்குத்தான்.

டியூப் நுனி பாட்டிலின் அடியைத் தொட வேண்டும், பீர் கீழிருந்து மேலே ஏற வேண்டும், ஊற்றக் கூடாது. இன்னும் ஒரு படி நன்றாகச் செய்ய ஆசை என்றால் ஓட்டை போட்ட ரப்பர் கார்க் ஒன்றை டியூபில் கோத்து பாட்டில் வாயை அடைத்துப் பிடியுங்கள். பீர் ஏற ஏற உள்ளே அழுத்தம் கூடும், ஒரு கட்டத்தில் பீர் வருவது தானாக நின்றுவிடும். கார்க்கை விரலால் லேசாகச் சாய்த்தால் கொஞ்சம் காற்று ஸ்ஸ் என்று போகும், மறுபடி பீர் ஏறும். சாய்ப்பது, விடுவது, சாய்ப்பது, விடுவது, மூன்றாவது பாட்டிலில் கை பழகிவிடும். அப்பாவின் மிஷின் செய்ததை நீங்கள் பத்து ரூபாய் கார்க்கால் செய்கிறீர்கள், கொஞ்சம் மெதுவாக.

வாய் வரை நிரப்பிவிட்டு டியூபை உருவினால் கழுத்தில் தேவையான இடம் தானாகக் கிடைக்கும். இப்போது மூடி. இங்கேதான் எல்லாரும் நுரை அடங்கி பீர் தெளிய வேண்டும் என்று மிச்சம் இருக்கும் நேரத்தையும் வீணாக்குகிறார்கள். கொந்தளிக்கிற பெரிய நுரை அடங்கட்டும், ஆனால் வாய் விளிம்பில் மெல்லிய வெள்ளை நுரை நிற்கும்போதே மூடியைப் போட்டு அமுக்கிவிடுங்கள். அந்த நுரை முழுக்கக் கார்பன் டை ஆக்சைடு, அது நிற்கிற இடத்தில் காற்று நிற்க முடியாது. காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே மாட்டினால் சில வாரத்தில் பீர் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூவை நிறையப் போட்ட வெளிர் பீராக இருந்தால் நிறமே பழுப்பாக மாறிவிடும், வாசனையும் போய்விடும்.

இப்போது அந்தத் துப்பாக்கி. பாட்டிலுக்குள் முதலில் கார்பன் டை ஆக்சைடு அடித்துக் காற்றை விரட்டிவிட்டு அப்புறம் பீரை விடுகிற கருவி அது, மோசமில்லை. போட்டிக்கு அனுப்புகிறவர்கள், நாலைந்து மாதம் வைத்திருந்து குடிக்கிறவர்கள் வாங்கட்டும். சனிக்கிழமை கொண்டுபோய் சனிக்கிழமையே காலியாகப் போகிற எட்டு பாட்டிலுக்கு அது எதற்கு? வழியில் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள், குடிக்கிற வரை குளிரிலேயே இருக்கட்டும். ஒரு பாட்டில் மட்டும் மிஞ்சினால் ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், என் கார்க் முறை எவ்வளவு காற்றை உள்ளே விட்டது என்று எனக்கும் தெரியட்டும்.

பத்மநாபபுரத்துக்காரி, இங்கிலாந்தில் நர்ஸ்: அண்ணே, என் வீட்டுக்காரர் கெக்கிலிருந்து பீரை பாட்டிலில் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் சீனி போட்டு மூடுகிறார். கேஸ் நிற்கும் என்கிறார். இரண்டு வாரம் கழித்து ராத்திரி அலமாரிக்குள் ஒன்று வெடித்தது. பிள்ளைகள் பயந்துபோனார்கள். மிச்சம் பதினொரு பாட்டில் அங்கேதான் இருக்கிறது. நான் அந்த அறைக்கே போவதில்லை.

பதில்: தங்கச்சி, அந்த அறைக்குப் போகாமல் இருப்பது சரிதான், ஆனால் அவரைப் போக விடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தடித்த கையுறை, மேலே குளிர்காலத்துக் கோட்டு. பாட்டில்களைக் கனமான துண்டால் மூடி, அந்தப் பெட்டியோடு அப்படியே, குலுக்காமல், வெளியே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோகட்டும். இங்கிலாந்துக் குளிர்காலம் என்றால் வேலை சுலபம், ஒரு ராத்திரி வெளியே கிடந்து நன்றாகக் குளிர்ந்தால் அழுத்தம் கிட்டத்தட்டப் பாதியாக இறங்கிவிடும். அப்புறம் துண்டைச் சுற்றிய கையால் ஒவ்வொன்றாக மூடியை மெல்ல நெம்பி கேஸை விடட்டும். திறந்ததைக் குடிக்க நினைக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

தப்பு எங்கே என்றால், பாட்டிலில் கேஸ் ஏற்ற இரண்டு வழி உண்டு, உங்கள் வீட்டுக்காரர் இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டார். ஒன்று கெக்கில் சிலிண்டர் கேஸை ஏற்றி, ஏறியதை அப்படியே பாட்டிலுக்கு மாற்றுவது, இதில் சீனிக்கு வேலையே இல்லை. மற்றது கேஸ் இல்லாத, புளித்து முடிந்த பீரில் அளந்து சீனி போட்டு மூடி, உள்ளே இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கேஸ் உண்டாக்க இரண்டு மூன்று வாரம் அறைச் சூட்டில் விடுவது. அதற்கும் ஒரு லிட்டருக்கு 6 கிராம், கூடிப்போனால் 7 கிராம், அவ்வளவுதான் சீனி. 330 மில்லி பாட்டிலுக்கு 2 கிராம்தான் வரும். ஒரு டீஸ்பூன் தட்டையாக அள்ளினாலே 4 கிராம். ஏற்கெனவே இரண்டரை மடங்கு கேஸ் இருக்கிற பீரில் அந்த 4 கிராமும் போனால் இன்னும் மூன்று மடங்கு சேரும். அதைச் சாதாரணக் கண்ணாடி பாட்டில் தாங்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சீனியே போடாவிட்டாலும், பீர் முழுதாகப் புளித்து முடிவதற்கு முன்பே கெக்கில் போட்டுக் குளிர வைத்திருந்தால் ஈஸ்ட் செத்திருக்காது, குளிரில் தூங்கிக்கொண்டிருக்கும். பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்ததும் சூட்டில் எழுந்து மிச்சம் இருக்கிற சர்க்கரையைத் தின்ன ஆரம்பிக்கும். கெக்கிலிருந்து பிடித்த பாட்டிலின் இடம் ஃப்ரிட்ஜ்தான், அலமாரி இல்லை. அப்பாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது, கோலி பாட்டில் கொடுத்தது. அதற்கப்புறம் மிஷினுக்கு முன்னால் கம்பி வலை வைக்காமல் அவர் ஒரு பாட்டில் சுற்றியதில்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் என்னிடம் கோபித்துக்கொள்ளட்டும்.

நாகர்கோவில் வடசேரியில் சர்பத் கடை வைத்திருப்பவர்: அண்ணாச்சி, பழைய கெக் ஒன்று சல்லிசாகக் கிடைத்தது. நன்னாரி, இஞ்சி எலுமிச்சை இரண்டையும் கேஸ் ஏற்றி பாட்டிலில் அடைத்துக் கொடுக்கலாம் என்று யோசனை. சாராயம் சம்பந்தமே இல்லை. கெக்கைத் திறந்தால் கோலா வாசம் அடிக்கிறது. என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கோலா வாசம் அடித்தால் நல்ல கெக்தான். இன்று உலகம் முழுக்க வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் வைத்திருக்கிற அந்த ஒல்லியான ஸ்டீல் கெக் பீருக்காகச் செய்ததே இல்லை. அமெரிக்காவில் கோக், பெப்சி கம்பெனிகள் கடைகளுக்கு சிரப் அனுப்பச் செய்தது. சிரப் பிளாஸ்டிக் பைக்கு மாறியதும் லட்சக்கணக்கில் பழைய இரும்புக் கடைக்கு வந்தன, காய்ச்சுகிறவர்கள் பொறுக்கிக்கொண்டார்கள். ஆக நீங்கள் அதைப் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்திருக்கிறீர்கள். வாசம் ஸ்டீலில் இல்லை, ரப்பர் வளையங்களில் இருக்கிறது. மூடியில் பெரிதாக ஒன்று, இரண்டு வால்விலும் ஒவ்வொன்று, உள்ளே டியூப்களின் தலையில் ஒவ்வொன்று. ஐந்தையும் மாற்றுங்கள், கழுவிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள், நன்னாரிக்குள் கோலா வாசம் வந்தால் உங்கள் பழைய வாடிக்கையாளர் மறுநாள் வரமாட்டார்.

சிலிண்டர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் 20 டிகிரியிலேயே 800 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், நம்மூர் 30 டிகிரியில் ஆயிரத்தைத் தாண்டும். ரெகுலேட்டர் இல்லாமல் கெக்கில் மாட்டினால் குண்டு. உணவுக்கு உரிய கேஸா என்று கேட்டு வாங்குங்கள், வெல்டிங் கடைச் சிலிண்டரைக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். கடைக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலில்லாத அறையில் வைக்காதீர்கள், இந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், குனிந்து வேலை செய்கிறவனுக்குத்தான் முதலில் மூச்சு முட்டும்.

சோடாவுக்கு பீரைவிட அதிகக் கேஸ் வேண்டும், மூன்றரை நாலு மடங்கு. அதற்கு 4 டிகிரியில் 25லிருந்து 30 பிஎஸ்ஐ. இஞ்சியை அரைத்துப் பிழிந்ததை மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள், ஒவ்வொரு நாரும் குமிழி பிறக்கிற இடம். நிரப்புகிற முறை மேலே கருங்கல்காரருக்குச் சொன்னதேதான், உங்களுக்கு இன்னும் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கெக்கின் குழாய் நேராக மாட்டுகிற மாதிரி சின்ன மூடி கிடைக்கிறது, சோடா பாட்டிலின் திருகில் சரியாகப் பொருந்தும். பிளாஸ்டிக் பாட்டிலை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, சப்பையாக இருக்கும்போதே அந்த மூடியைத் திருகி, குழாயை மாட்டினால் பாட்டில் பலூன் மாதிரி உப்பிக்கொண்டே நிறையும். காற்றும் இல்லை, நுரையும் குறைவு. கழற்றும்போது மட்டும் நிதானம்.

பாட்டிலைக் குப்புறப் பிடித்து அடியைப் பாருங்கள். சோடாவுக்கு என்று செய்த பாட்டிலின் அடி பூவிதழ் மாதிரி ஐந்து காலாக இருக்கும், அழுத்தத்தைத் தாங்குவதற்காக. தண்ணீர் பாட்டிலுக்கு அப்படி இருக்காது, சுவரும் மெலிசு, அதில் கேஸ் ஏற்றாதீர்கள். விற்பதற்கு என்றால் உணவுப் பாதுகாப்புத் துறை உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகிற நாளில் கெக் சூடானால் அன்றைக்கு நிரப்பவே வேண்டாம், ஐஸ் கட்டி வாங்கிப் போட்டு ஒரு ராத்திரி பொறுங்கள். கண்ணாடி கோலி பாட்டிலில் கேட்பவர்கள் இருப்பார்கள், ஞாபகத்துக்காக. அதற்கு வேறு மிஷின் வேண்டும், என் அப்பாவுடையதைக் கேட்காதீர்கள், எப்போதோ இரும்பு விலைக்குப் போய்விட்டது.

குலசேகரத்து இளைஞர்: மெல்போர்னில் செய்யலாம், இங்கிலாந்தில் செய்யலாம், நான் என் வீட்டில் இருபது லிட்டர் பீர் காய்ச்சினால் என்ன தப்பு?

பதில்: தப்பா சரியா என்று என்னிடம் கேட்டால் ஒரு பதில், போலீஸிடம் கேட்டால் வேறு பதில். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டுச் சட்டம். உரிமம் இல்லாமல் மது காய்ச்சினால் குற்றம், அது பீரா வைனா, விற்கவா சொந்தக் குடிக்கா என்று பார்க்காது. இங்கிலாந்தில் 1963இல் வீட்டுக் காய்ச்சலுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கினார்கள், அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அனுமதி வந்தது. நமக்கு வரவில்லை. கிறிஸ்துமஸுக்குத் திராட்சை வைன் போடுகிற வீடுகள் நம் மாவட்டத்தில் எத்தனை என்று எனக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் எழுத்தில் கேட்டால் எழுத்தில் இதுதான் பதில்.

கள்ளு விஷயத்தில் எனக்கு மனத்தாங்கல் உண்டு, அதை மறைக்கவில்லை. பனை நம் மாநில மரம், 1987 முதல் அதில் கள் இறக்கக் கூடாது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் கள்ளு ஷாப்பில் உட்கார்ந்து குடிக்கலாம். ஒரே மரம், ஒரே பாளை, நடுவில் ஒரு செக்போஸ்ட். இருந்தாலும் காய்ச்சாதீர்கள். உங்களுக்கு அந்தக் கைவேலைதான் பிடித்திருக்கிறது என்றால் வடசேரி அண்ணனுக்குச் சொன்னதைச் செய்து பாருங்கள், இஞ்சி சோடாவில் நுரையை அடக்கத் தெரிந்தவனுக்கு பீர் ஒரு நாள் பாடம்.

ராஜாக்கமங்கலம் வாசகி: மகள் சென்னையில் இருக்கிறாள், அக்கானிக்கு ஏங்குகிறாள். பிளாஸ்டிக் பாட்டிலில் நிறைய ஊற்றி இறுக மூடி ரயிலில் கொடுத்தனுப்பினேன். மதுரை தாண்டும்போதே மூடி பறந்து கொண்டுபோனவரின் சட்டையெல்லாம் நாசம். வாயில் வைத்துப் பார்த்தால் கள்ளு என்கிறார். நான் கொடுத்தது சத்தியமாக அக்கானி.

பதில்: நம்புகிறேன் அம்மா. அக்கானியும் கள்ளும் ஒரே பதநீர்தான், கலயத்தின் உள்ளே தடவுகிற சுண்ணாம்புதான் வித்தியாசம். பாளை சீவியதிலிருந்து சொட்டுகிற பதநீரில் 12 சதவீதம் போலச் சர்க்கரை இருக்கிறது, காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டுக்கு அதைவிட நல்ல சாப்பாடு இல்லை. சுண்ணாம்பு அதன் காரத்தால் ஈஸ்ட்டை அடக்கி வைக்கும், ஆனால் கொல்லாது. சூடான ரயில் பெட்டியில், இறுக மூடிய பாட்டிலில் அது எழுந்துகொள்ளும். மேலே நர்ஸ் தங்கச்சி வீட்டு அலமாரியில் நடந்ததும் உங்கள் மகளுக்கு அனுப்பிய பாட்டிலில் நடந்ததும் ஒரே விஷயம். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் விடியற்காலையில் இறக்கியதை உடனே ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர வைத்து, முக்கால் பாட்டில் மட்டும் ஊற்றி, ஐஸ் நிறைத்த பெட்டியில் வைத்து, மூடியை அரைத் திருகு தளர்த்தி அனுப்புங்கள், கொண்டுபோகிறவர் பாட்டிலை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அப்படியும் நான் உத்தரவாதம் தரமாட்டேன். கருப்பட்டி அனுப்புங்கள், மகள் காப்பி போட்டுக் குடிக்கட்டும். அக்கானிக்கு அவளைப் பங்குனியில் ஊருக்கு வரச் சொல்லுங்கள்.

சின்னக் கேள்விகள் சில.

பச்சை பாட்டில் அழகாக இருக்கிறது, அதில் அடைக்கலாமா என்று துபாயிலிருந்து ஒருவர் கேட்கிறார். துபாயில் எதை அடைக்கிறீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. பொதுவாகச் சொன்னால், பழுப்பு பாட்டில்தான் நல்லது. வெளிச்சம் ஹாப்ஸின் கசப்புப் பொருளை உடைத்து மரநாய் நாற்றம் மாதிரி ஒன்றைக் கிளப்பும், பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும், பச்சை தடுக்காது.

பிளீச்சிங் பவுடரில் பாட்டில் கழுவலாமா? கழுவலாம், ஆனால் பலதடவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், துளி மிஞ்சினாலும் பீரில் ஆஸ்பத்திரி வாசம் வரும். அலசத் தேவையில்லை என்று எழுதிய அமில வகைக் கிருமிநாசினி கிடைத்தால் அலச வேண்டாம், அதன் நுரை பாட்டிலில் கொஞ்சம் இருந்தாலும் பயப்பட வேண்டாம்.

பழைய மூடியைத் தட்டிச் சரிசெய்து மறுபடி போடலாமா? கூடாது. பல் வைத்த அந்த மூடிக்கு வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை வாங்கினார், ஒரு தடவை போட்டு எறிவதற்கென்றேதான் அதைச் செய்தார்.

கருங்கல்காரரின் கடிதத்தில் கடைசியாக இன்னொரு வரி இருந்தது, அதை வேண்டுமென்றே இங்கே வைத்தேன். "அப்பா என் பீரை ஒரு தடவையாவது குடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை, டிசம்பரில் ஊருக்கு வரும்போது ஆறு பாட்டில் கொண்டுவரலாமா?"

பதில்: இந்தியாவுக்குள் வருகிறவர் 2 லிட்டர் மது கொண்டுவரலாம், 330 மில்லியில் ஆறு பாட்டில் என்றால் 1980 மில்லி, கணக்குப் பார்த்துத்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் லேபிள் இல்லாத பாட்டிலைத் திருவனந்தபுரம் கஸ்டம்ஸில் எடுத்து வைத்து இது என்ன என்று கேட்டால் நானே காய்ச்சியது என்று சொல்ல உங்களுக்கு வாய் வருமா? அதைத் தாண்டினாலும் இரண்டு மாநிலச் சட்டம், ஒரு எல்லை. அதையும் தாண்டினாலும் கார் டிக்கி. 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ காட்டிய அதே பீர் 20 டிகிரியில் 30க்குக் கிட்டே போகும், 35 டிகிரி டிக்கிக்குள் 45ஐத் தாண்டும். ஒரு மூடி கொஞ்சம் கோணலாக அமுங்கியிருந்தால் நெய்யாற்றின்கரை தாண்டும்போது உங்கள் பெட்டித் துணியெல்லாம் பீர் குடித்திருக்கும்.

அப்பாவை மெல்போர்னுக்குக் கூட்டிப்போங்கள். கெக்கிலிருந்து நேரே டம்ளரில் பிடித்துக் கொடுங்கள், பாட்டிலே வேண்டாம். டிக்கெட் எடுக்கும்போது ஜூன், ஜூலையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அங்கே அப்போது குளிர்காலம், கருங்கல் மனுஷருக்கு அதில் குளிர்ந்த பீர் தொண்டையில் இறங்காது.